மாத்திரை இருக்கிறது, ஆள் இல்லை

அவையோர்க்கு வணக்கம்.

ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பாவில் இருந்து தொடங்குகிறேன். சஹாராவுக்குத் தெற்கே எந்த நாட்டு எச்.ஐ.வி. சிகிச்சை மையத்துக்குப் போனாலும் அலமாரியில் இந்த டப்பாதான் அடுக்கியிருக்கும். 30 மாத்திரை, 90 மாத்திரை, 180 மாத்திரை என்று வரும். ஒரு மாத்திரைக்குள் மூன்று மருந்து: டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300, டோலுடெகிராவிர் 50. நாளுக்கு ஒன்று போட்டால் போதும். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் இந்திய முகவரி. 2001 பிப்ரவரியில் மும்பை சிப்லா நிறுவனம் அன்றைய மூன்று மருந்துக் கூட்டை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்றபோது, மேலைநாட்டு விலை 10,000 டாலருக்கு மேல். இன்றைய மாத்திரை மொத்தக் கொள்முதலில் ஒருவருக்கு ஓர் ஆண்டுக்கு 37 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. கணக்குப் போட்டால் நாளுக்குப் பத்து சென்ட்.

இவ்வளவு மலிவான மருந்தை, இத்தனை காலம் இந்தச் சிகிச்சைக்குப் பணம் தந்துவந்த அமெரிக்கா கையை எடுத்துக்கொண்டால் அந்தந்த நாடுகளே வாங்கிக்கொள்ள முடியாதா? உங்களில் பலர் கேட்க நினைப்பது இதைத்தான். நியாயமான கேள்வி. பல நாடுகளால் வாங்க முடியும். சில நாடுகள் ஏற்கெனவே வாங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. அப்படி வாங்கிய நாட்டிலும் 2025இல் சிகிச்சை தடுமாறியது. ஏன் என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2003 ஜனவரி 28 அன்று அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், மற்ற நாடுகளில் எச்.ஐ.வி.யை எதிர்கொள்ள ஐந்து ஆண்டுக்கு 1,500 கோடி டாலர் என்று அறிவித்த திட்டம் பெப்ஃபார். எந்த ஒரு நோய்க்கும் ஒரு நாடு இதுவரை ஒதுக்கியதிலேயே பெரிய தொகையாக அது வளர்ந்தது. 2024 வாக்கில் சுமார் 2 கோடிப் பேரின் சிகிச்சைக்கு ஏதோ ஒரு வகையில் அது துணை நின்றது. 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவி எல்லாவற்றையும் 90 நாள் நிறுத்தி வைத்தது. நான்கே நாளில் "வேலையை நிறுத்து" என்ற ஆணை களத்துக்கு வந்தது. அடுத்த சில நாளில் உயிர்காக்கும் வேலைகளுக்கு விலக்கு என்றார்கள். விலக்குக் கடிதம் காகிதத்தில் இருந்தது. பணம் விடுவிக்கும் கணினி பூட்டிக் கிடந்தது. வேலை செய்யலாம் என்று அனுமதி பெற்ற அமைப்புகளுக்குச் சம்பளம் போடக் காசு வரவில்லை. மார்ச் 10 அன்று, அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யு.எஸ்.எய்ட் நடத்திய திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்று அறிவிப்பு. ஜூலை 1 அன்று அந்த நிறுவனமே இல்லாமல் போனது.

இனி தென் ஆப்பிரிக்கா. உலகிலேயே அதிகமான எச்.ஐ.வி. தொற்றாளர்கள் உள்ள நாடு, ஏறத்தாழ 80 லட்சம் பேர். ஆனால் ஏழை நாடு என்று ஒதுக்கிவிட முடியாத நாடு. மாத்திரை முழுவதையும் தன் பணத்தில் டெண்டர் விட்டு வாங்குகிறது. எச்.ஐ.வி. செலவில் பெப்ஃபாரின் பங்கு சுமார் 17 சதவீதமாகத்தான் இருந்தது. ஆறில் ஒரு பங்கு போனால் ஆறில் ஒரு பங்குதானே குறையும் என்று தோன்றும். அந்த 17 சதவீதம் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று பார்க்க வேண்டும். 52 மாவட்டங்களில் நோய்ச்சுமை மிகுந்த 27 மாவட்டங்களில், 15,000க்கும் மேற்பட்ட ஆட்களின் சம்பளமாக அது போய்க்கொண்டிருந்தது.

யார் இந்த ஆட்கள்? டாக்டரும் நர்சும் அதில் உண்டு. பெரும்பாலானவர்கள் வேறு. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் பேசும் கவுன்சிலர். பாசிட்டிவ் என்று தெரிந்த அன்றே ஆளைக் கையோடு அழைத்துப்போய் மருந்து தொடங்கவைக்கும் இணைப்புப் பணியாளர். தேதி தவறியவர்களின் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு போன் போடுகிறவர், போன் எடுக்காவிட்டால் வீடு தேடிப் போகிறவர். அன்றன்றைய வருகையைக் கணினியில் ஏற்றும் டேட்டா என்ட்ரி ஆள். கடைசியாகச் சொன்ன இவரைத்தான் எல்லாரும் முதலில் வேண்டாம் என்பார்கள். இவர் போய்விட்டால் என்ன ஆகிறது? தேதி தவறியவர்கள் பட்டியல் கணினியில் இருந்து வருகிறது. வருகையை ஏற்ற ஆளில்லை என்றால் ஒழுங்காக வந்து மருந்து வாங்கியவரும் வராதவர் பட்டியலில் நிற்பார். உண்மையில் வராதவர் அந்தக் கூட்டத்தில் காணாமல் போவார். வீடு தேடிப்போக ஆள் இருந்தாலும் எந்த வீட்டுக்குப் போவது?

ஆனை வாங்கப் பணம் இருந்தது, அங்குசம் வாங்கப் பணம் இல்லை என்ற கதைதான். மாத்திரை அரசுப் பணம், மாத்திரையோடு மனிதரைச் சேர்க்கும் ஆள் அயல் பணம். இப்படிப் பிரித்துக்கொண்டது ஆரம்பத்தில் வசதியாகத்தான் இருந்தது. நிதி அமைச்சகம் புதிய பணியிடம் உருவாக்காமல் தப்பித்தது. உதவி தந்தவர்களுக்கு "இத்தனை பேரைப் பரிசோதித்தோம், இத்தனை பேருக்குத் தொடங்கினோம்" என்று எண்ணிக் காட்ட ஆள் கிடைத்தது. இருபது ஆண்டு அப்படியே ஓடிவிட்டது. இப்போது அவர்களை அரசு எடுத்துக்கொள்ளலாமே என்றால், அரசுப் பணியிடப் பட்டியலில் அப்படி ஒரு பதவியே இல்லை. பதவி இல்லாவிட்டால் சம்பள விகிதம் இல்லை, விகிதம் இல்லாவிட்டால் நிதித்துறை கோப்பைத் திருப்பி அனுப்பும். உள்ள பதவியில் போடலாம் என்றால் அங்கே சம்பளம் குறைவு. அயல் பணத்தில் வேலை செய்தவருக்கும் பக்கத்து மேசை அரசு ஊழியருக்கும் ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் என்பது பல ஆண்டாகப் புகைந்துகொண்டிருந்த விஷயம். 2025 ஜூலையில் தென் ஆப்பிரிக்க அரசு அவசர நிதியாக 75 கோடி ராண்டுக்குச் சற்று மேல் ஒதுக்கியது. நல்ல காரியம். அதற்குள் ஐந்து மாதம் போய்விட்டது. வேலை போன கவுன்சிலர் ஐந்து மாதம் உட்கார்ந்து காத்திருக்க மாட்டார்.

பாலியல் தொழிலாளர்களுக்கும் ஓரினச் சேர்க்கையாளர்களுக்கும் தனியாக இயங்கிய கிளினிக்குகள் முற்றிலும் அயல் பணத்தில் நடந்தவை. அவை ஒரே நாளில் கதவைச் சாத்தின. "பக்கத்து அரசு கிளினிக்குக்குப் போங்கள்" என்று ஒரு தாள் ஒட்டினார்கள். அங்கே போனால் முதல் கேள்வி, "மாற்றல் கடிதம் எங்கே?" கடிதம் எழுத வேண்டியவர் பூட்டிய கதவுக்கு உள்ளேயும் இல்லை.

இந்த மாற்றல் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஒரே பக்கம்தான். பெயர், அடையாள எண், சிகிச்சை தொடங்கிய தேதி, தொடங்கிய மருந்து, இப்போதைய மருந்து, மாற்றியிருந்தால் எதனால் மாற்றினார்கள், கடைசி வைரஸ் அளவும் அதை எடுத்த தேதியும், காசநோய்த் தடுப்பு மருந்து முடித்தாரா, கடைசியாக எத்தனை மாத்திரை கொடுத்தோம், ஹெபடைடிஸ் பி உண்டா. இந்தக் கடைசி வரியைப் பலர் நிரப்புவதில்லை. டெனோஃபோவிரும் லாமிவுடினும் எச்.ஐ.வி.யோடு ஹெபடைடிஸ் பி வைரஸையும் அடக்கிவைத்திருக்கும். இரண்டும் உள்ளவருக்கு மாத்திரையை நிறுத்தினால் கல்லீரல் அழற்சி திடீரென்று கிளம்பலாம். புதிய டாக்டர் விவரம் தெரியாமல் மருந்தை மாற்றி எழுதினாலும் இதே ஆபத்து. ஒரு மையத்தை மூடுவதாக இருந்தால், அறிவிப்பு ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு நோயாளி கையிலும் இந்தக் கடிதமும் மூன்று மாத மருந்தும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 2,000 பேர் பதிவான மையம் என்றால், நாளுக்கு 40 பேரைப் பார்த்தாலும் 50 வேலை நாள். மூடுவதற்கே இரண்டரை மாதம் ஆள் வைத்து வேலை செய்தாக வேண்டும். மூடும் செலவு என்று ஒரு தலைப்பு எந்த ஒப்பந்தத்திலாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். வண்டியையும் கணினியையும் யாரிடம் ஒப்படைப்பது என்று பக்கம் பக்கமாக இருக்கும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்றும் பார்த்துவிடலாம். மாத்திரை நின்றால் பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் வைரஸ் ரத்தத்தில் மறுபடி தலைகாட்டும். ஆளுக்கு ஒன்றும் தெரியாது, நன்றாகவே இருப்பார். விட்டு விட்டு மருந்து கொடுத்தால் என்ன என்று 33 நாடுகளில் 5,472 பேரிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. விடாமல் சாப்பிட்டவர்களைவிட விட்டுச் சாப்பிட்டவர்களுக்கு நோயும் சாவும் இரண்டரை மடங்குக்கு மேல் என்று தெரிந்து, பாதியிலேயே அந்த முறையைக் கைவிட்டார்கள். முடிவு 2006இல் வெளியானது. ஆக 90 நாள் நிறுத்திவைப்பு என்பது மருத்துவத்தில் என்ன பொருள் தரும் என்பது இருபது ஆண்டுக்கு முன்பே தெரிந்த விஷயம்.

ஒன்று ஆறுதல். டோலுடெகிராவிருக்கு முன்பு கூட்டில் எஃபாவிரென்ஸ் என்ற மருந்து இருந்த காலத்தில், மூன்று மருந்தையும் ஒன்றாக நிறுத்தினால் எஃபாவிரென்ஸ் மட்டும் நாள் கணக்கில் ரத்தத்தில் தங்கி, தனியாக நின்று, மருந்தை எதிர்த்து நிற்க வைரஸுக்குக் கற்றுக்கொடுக்கும். டோலுடெகிராவிர் அப்படி எளிதில் தோற்பதில்லை. திரும்பி வருபவருக்கு அதே மாத்திரையைக் கொடுத்துப் பிடித்துவிடலாம், திரும்பி வந்தால். கர்ப்பிணி விஷயத்தில் இந்த ஆறுதலும் கிடையாது. மருந்து இல்லாத தாயிடம் இருந்து குழந்தைக்குத் தொற்று போக வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம், மருந்து இருந்தால் 5க்கும் கீழ். தொற்றோடு பிறந்து சிகிச்சை பெறாத குழந்தைகளில் பாதி இரண்டாவது பிறந்தநாளைப் பார்ப்பதில்லை. அந்தச் சாவுகளும் பிறந்த இரண்டு மூன்று மாதத்தில்தான் உச்சம். 90 நாள் அந்தக் குழந்தைக்கு மொத்த ஆயுளாக இருக்கலாம்.

குழந்தை மருந்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அது தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் சிறு மாத்திரை. எடைக்குத் தக்க எண்ணிக்கை: 6 கிலோவில் இருந்து 10 கிலோ வரை நாளுக்கு 3, 14 கிலோ வரை 4, 20 வரை 5, 25 வரை 6. நோயாளிகள் குறைவு என்பதால் கம்பெனிகள் இதை எப்போதும் ஓட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். பல நாட்டு ஆர்டர் சேர்ந்தால்தான் ஒரு தொகுதி போடுவார்கள். இதுவரை உதவி அமைப்புகள் சேர்ந்து ஆர்டரை ஒருங்கிணைத்தன. தனித்தனியாகப் பிரிந்துபோனால் பெரியவர் மருந்து கிடைக்கும். 300 குழந்தைகளுக்கு மட்டும் ஆர்டர் போடும் சிறிய நாடு வரிசையில் நிற்கும்.

லேபுக்கு வருவோம். வைரஸ் அளவு பார்க்கும் பெரிய எந்திரத்தைப் பல நாடுகள் விலைக்கு வாங்கவில்லை. எந்திரம் கம்பெனியுடையது. ஒரு பரிசோதனைக்கு இவ்வளவு என்று ஒரே விலை, அதற்குள் ரீஏஜென்ட் எனும் பரிசோதனை ரசாயனம், பழுதுபார்ப்பு, பயிற்சி எல்லாம் அடக்கம். 2018இல் ஹோலாஜிக் கம்பெனி 12 டாலர் என்று இப்படி ஒரு விலையை அறிவித்தது. நல்ல ஏற்பாடுதான். எந்திரம் பழுதாகி மூலையில் கிடப்பது குறைந்தது. ஆனால் அந்த விலைக்குப் பின்னால் ஒரு எண்ணிக்கை வாக்குறுதி இருக்கிறது. இத்தனை லட்சம் பரிசோதனை வரும் என்ற நம்பிக்கையில் போட்ட விலை அது. ரத்த மாதிரி வருவது பாதியானால் விலைப் பேச்சு மறுபடி தொடங்கும், வாங்கிவைத்த ரீஏஜென்ட் காலாவதியாகும்.

மாதிரி ஏன் பாதியாகிறது? எந்திரம் இருக்கிறது, ஆளும் இருக்கிறார், ரத்தம் கொண்டுவரும் மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் போட ஆளில்லை. ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தை 24 மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃபியூஜில் சுற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்தாக வேண்டும். பிரித்த பிளாஸ்மா குளிர்பெட்டியில் சில நாள் தாங்கும், பிரிக்காத ரத்தம் தாங்காது. வாரம் இரண்டு முறை வந்த வண்டி வாரம் ஒருமுறை ஆனால், ரத்தம் எடுக்கும் நாளும் ஒன்றாகச் சுருங்கும். அன்றைக்கு வராதவருக்குப் பரிசோதனை கிடையாது. மாற்றுவழி ஒன்று உண்டு. வடிதாளில் ரத்தப் பொட்டு வைத்து உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு மூடி அனுப்புவது. வாரக்கணக்கில் கெடாது. குறைந்த அளவு வைரஸைத் துல்லியமாகக் காட்டாது, ஆனால் ஒரு மில்லிலிட்டரில் வைரஸ் அளவு 1,000ஐத் தாண்டியவரைக் கண்டுபிடிக்கப் போதும். வண்டி நிற்கப்போகிறது என்று மூன்று மாதம் முன்பே தெரிந்திருந்தால் நர்சுகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்திருக்கலாம். ஒரு நாள் பயிற்சிதான்.

இவ்வளவும் சொல்லிவிட்டுத் தருகிறவர் பக்கத்து வாதத்தைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. ஜாம்பியாவை எடுங்கள். இலவசமாகக் கொடுத்த மருந்து தனியார் கடைகளில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்கத் தூதரகம் பத்து மாகாணங்களிலும் 2,000க்கும் மேற்பட்ட மருந்துக்கடைகளைச் சுற்றிப் பார்த்து, அரசிடம் பலமுறை சொல்லி, நடவடிக்கை போதாது என்று 2025 மே மாதம் ஆண்டுக்கு 5 கோடி டாலர் மருந்து உதவியை நிறுத்துவதாக அறிவித்தது. திருட்டைப் பொறுத்துக்கொள்ள முடியாது என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்த நிறுத்தத்துக்கு 2026 ஜனவரி வரை அவகாசம் கொடுத்தார்கள் பாருங்கள், அதைக் கவனிக்க வேண்டும். கோபத்தில் எடுத்த முடிவுக்கு ஏழு மாதத்துக்கு மேல் அவகாசம். "வேலையை நிறுத்து" என்ற 2025 ஜனவரி 24 ஆணைக்கு ஒரு நாள்கூட இல்லை.

சொந்தப் பணம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். போட்ஸ்வானா வைர வருமானத்தில் தன் திட்டத்தின் பெரும் பகுதியைத் தானே நடத்திய நாடு. 2002லேயே தேசிய அளவில் இலவச சிகிச்சை தொடங்கியது. அந்த நாடு 2025 ஆகஸ்ட் 25 அன்று பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தது. மருந்துக் கொள்முதல் சங்கிலி அறுந்துவிட்டது. வைர விலை விழுந்தது, உதவியும் குறைந்தது, கொள்முதலில் நெடுநாளாக விலை அதிகம் கொடுத்துவந்ததும் வெளியே வந்தது. 25 கோடி புலா அவசரமாக ஒதுக்கி, ராணுவத்தின் மேற்பார்வையில் மருந்தை வினியோகித்தார்கள். ஒரே வருமானத்தை நம்பிய அரசும் ஒரே கொடையாளியை நம்பிய அரசும் ஏறக்குறைய ஒரே படகில்தான் இருந்திருக்கின்றன.

நன்றாக முடித்த உதவி எதுவுமே இல்லையா? உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் ஆற்றுக் குருட்டு நோய் ஒழிப்புத் திட்டம். 1974இல் ஏழு நாடுகளில் தொடங்கி, பின்னர் பதினொன்றாக விரிந்தது. வேகமாக ஓடும் ஆற்று நீரில் முட்டையிடும் ஒரு கருப்பு ஈ கடித்துப் பரப்பும் புழு நோய் அது, கண்ணைப் பறிக்கும். ஹெலிகாப்டரில் வாரம் ஒருமுறை ஆற்றில் மருந்து தெளித்து ஈயின் புழுப் பருவத்தைக் கொன்றார்கள். எத்தனை ஆண்டு தெளிப்பது? மனித உடலுக்குள் இருக்கும் தாய்ப்புழு 14, 15 ஆண்டு உயிரோடு இருக்கும். அதுவரை ஈ கடிக்காமல் பார்த்துக்கொண்டால் புழு வயதாகிச் செத்துவிடும், தொடர்ச்சி அறும். ஆக திட்டத்தின் காலக்கெடுவைப் புழுதான் நிர்ணயித்தது. 1987இல் மெர்க் நிறுவனம் ஐவர்மெக்டின் மாத்திரையை இலவசமாகத் தர முன்வந்தபின் வேலை இன்னும் சுலபமாயிற்று. 2002 டிசம்பரில் திட்டத்தை மூடினார்கள். மூடுவதற்குப் பல ஆண்டு முன்பே கண்காணிப்பு வேலை ஒவ்வொரு நாட்டு அமைச்சகத்துக்கும் கைமாறத் தொடங்கியிருந்தது. உள்நாட்டுப் போரால் வேலை நின்றுபோன சியரா லியோன், இன்னும் நோய் அடங்காத சில ஆற்றுப் படுகைகள் ஆகியவற்றுக்கு மட்டும் 2007 வரை நீட்டிப்புக் கொடுத்தார்கள். முடியாத இடத்தில் முடிந்தது என்று கையெழுத்துப் போடவில்லை.

நம் பக்கமும் ஒன்று நடந்தது. கேட்ஸ் அறக்கட்டளையின் அவஹான் என்ற எச்.ஐ.வி. தடுப்புத் திட்டம் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் ஓடியது. அதை அரசிடம் ஒரே மூச்சில் கொடுக்கவில்லை. 2009இல் பத்து சதவீதம், 2011இல் இருபது, 2012இல் மீதி எழுபது. முதல் பத்து சதவீதத்தில் தடுக்கி விழுந்துதான் அடுத்த இரண்டுக்கும் பாடம் படித்தார்கள்.

எச்.ஐ.வி. சிகிச்சையில் புழு சாகிற நாள் என்று ஒன்று கிடையாது. நோயாளியின் ஆயுள்தான் கெடு. அதனால் இங்கே உதவியை முடிப்பது என்றால் ஒருவர் கையில் இருந்து இன்னொருவர் கைக்கு மாற்றுவதுதான். 2025 செப்டம்பரில் அமெரிக்கா வெளியிட்ட புதிய கொள்கையும் இதைத்தான் சொல்கிறது: 2026 நிதியாண்டில் மருந்து, பரிசோதனைப் பொருள், முன்னணிப் பணியாளர் செலவைத் தொடர்வோம், பிறகு படிப்படியாக அந்தந்த அரசே ஏற்க வேண்டும். டிசம்பர் 4 அன்று கென்யா முதலில் கையெழுத்திட்டது. ஐந்து ஆண்டில் அமெரிக்கா 160 கோடி டாலர் வரை, கென்யா கூடுதலாக 85 கோடி. ஒரு வாரத்தில் நைரோபி உயர் நீதிமன்றம் நோயாளிகளின் தகவலை அயல்நாட்டுக்குத் தரும் பகுதிக்கு இடைக்காலத் தடை போட்டது. அது தனியாகப் பேச வேண்டிய பொருள்.

படிப்படியாக என்ற சொல் கேட்க இதமாக இருக்கிறது. அதைக் காலண்டரில் வைத்துப் பார்ப்போம். கென்யாவில் 10,000 நோயாளிகள் உள்ள ஒரு மாவட்டம். 90 மாத்திரை டப்பா, ஆளுக்கு மூன்று மாதத்துக்கு ஒன்று, ஆண்டுக்கு 40,000 டப்பா, சுமார் 3,70,000 டாலர். அயல் பணத்தில் வாங்கிய மருந்து 2027 மார்ச் 31 வரை வரும் என்று வைத்துக்கொள்வோம். பின்னோக்கி எண்ணுங்கள். கிடங்கில் எப்போதும் மூன்று மாதக் கையிருப்பு வேண்டும், ஆகவே அரசு வாங்கிய முதல் சரக்கு 2026 டிசம்பர் கடைசியில் கிடங்குக்குள் இருக்க வேண்டும். ஆர்டர் போட்டதில் இருந்து தயாரித்து, தரம் பார்த்து, ஹைதராபாத்தில் இருந்து துறைமுகம் வந்து, கென்யத் துறைமுகமான மொம்பாசாவில் இறங்கிச் சுங்கம் தாண்டி வர ஆறு மாதம். அப்படியானால் ஆர்டர் 2026 ஜூன் கடைசி. டெண்டர் விட்டு, பிரித்து, தோற்றவர் போடும் மேல்முறையீடு முடிய ஆறு மாதம். அப்படியானால் டெண்டர் அறிவிப்பு 2026 ஜனவரி. டெண்டர் விட வேண்டுமானால் பட்ஜெட்டில் பணம் இருக்க வேண்டும். கென்யாவின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. 2026 ஜூனுக்குள் ஆர்டர் போட வேண்டிய பணம், 2025 ஜூனில் நிறைவேறிய பட்ஜெட்டில் ஒரு வரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். கடைசி டப்பா தீர 21 மாதம் இருக்கும்போதே, அந்த வரியை எழுதியிருக்க வேண்டும்.